நிறைகுடம் எதிரே வந்தது

திருட்டுக் கொடுத்தவளுக்குத் திருடன் மேல்தான் கோபம் வர வேண்டும். விசாலாக்ஷிக்கு அப்படி வரவில்லை. அவன் திருடன், திருடத்தான் செய்வான், அதற்கென்று பிறந்தவன். எதிர்வீட்டு அபயாம்பாள் மேல் வந்தது பாருங்கள் கோபம், அது உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது.

பின்னே என்ன? பட்டப்பகலில் பூட்டைத் திறந்து, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து, மறுபடியும் பொறுப்பாகப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கியவனுக்கு, நிறைகுடத்தோடு எதிரே வந்து நல்ல சகுனம் கொடுத்து அனுப்பி வைத்தவள் யார்? சாட்சாத் அபயாம்பாள்தான்.

மாதுங்காவில், தெலங் ரோட்டில் அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி. கணவர் பஞ்சாபகேசனுக்குக் கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஒரே பெண் சுப்புலக்ஷ்மிக்குச் சித்திரையில் கல்யாணம். அன்றைக்கு அம்மாவும் பெண்ணும் பத்திரிகை வைத்துக் கூப்பிடச் செம்பூருக்குப் போயிருந்தார்கள். வெயிலில் பஸ் பிடித்துத் திரும்பி வந்து பார்த்தால் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. விசாலாக்ஷி திறந்துகொண்டு உள்ளே போனாள், கை கால் அலம்பினாள், புடவையைக்கூட மாற்றிக்கொண்டாள். அப்புறம்தான் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நீலப் பெட்டியைக் காணோம்.

முதலில் பஞ்சாபகேசன்தான் எங்கேயாவது நகர்த்தி வைத்திருப்பார் என்று நினைத்தாள். அவர் ஒரு துரும்பை நகர்த்திப் பார்த்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்பது உடனே ஞாபகம் வந்தது. "சுப்பு!" என்று அவள் போட்ட கூச்சலில் கீழ்மாடிக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

பெட்டியில் இருந்த கூறைப்புடவை போகட்டும், காஞ்சீபுரத்துக்கு எழுதினால் இன்னொன்று வரும். அதன் மடிப்புக்குள் சிவப்புப் பட்டுப் பையில் இருந்ததே தாலி, அதற்கு எங்கே எழுதுவது? அவர்கள் பழக்கத்தில் பெண் கழுத்தில் இரண்டு தாலி ஏறும், பிறந்தகத்துத் தாலி ஒன்று, புக்ககத்துத் தாலி ஒன்று. பிறந்தகத்துத் தாலியைக் கார்த்திகையிலேயே நாள் பார்த்துப் பொன் உருக்கி அவள் செய்து வைத்துவிட்டாள். வைத்த கையோடு ஜனவரியில் சர்க்கார் சட்டம் போட்டது, பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, "பாத்தேளா என் சமர்த்தை" என்று விசாலாக்ஷி மாடிக்கு மாடி பெருமை அடித்துக்கொண்டாள். கண் பட்டுவிட்டது என்றுதான் இப்போது சொல்ல வேண்டும்.

அபயாம்பாள் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் தேவலை. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"மேலே தண்ணி ஏறலைன்னு கீழே குழாயில பிடிச்சுண்டு வந்தேன் விசாலம். உங்காத்துக் கதவைப் பூட்டிண்டு ஒரு மாமா நிக்கறார். நெத்தி நிறைய விபூதி, கட்டுக்குடுமி, மயில்கண் வேஷ்டி. கையில உங்காத்து நீலப் பெட்டி. கல்யாணக் காரியமா யாரோ சாஸ்திரிகள் வந்துட்டுப் போறார்னு நினைச்சேன்."

"நினைச்சேளா? சரி."

"என் இடுப்புல குடத்தைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டார். 'பேஷ்! நிறைகுடம்! போற காரியம் ஜெயம்தான்'னார். எவ்வளவு லக்ஷணமான குரல்ங்கறே!"

"லக்ஷணத்துல இடி விழ! பெட்டியும் கையுமா போறவனை எங்கே போறேள்னு ஒரு வார்த்தை கேக்கப்படாதா மாமி?"

அபயாம்பாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சிவ சிவா! வாசப்படி தாண்டிப் புறப்பட்டவாளைப் போய் எங்கேன்னு கேப்பாளோ? நீ கேப்பியோ?"

விசாலாக்ஷிக்கு எரிச்சலே அங்கேதான். அவளும் கேட்கமாட்டாள். அந்தக் கட்டிடத்தில் எவருமே கேட்கமாட்டார்கள். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. யாராவது தெரியாமல் கேட்டுத் தொலைத்துவிட்டால், திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இதில் விசாலாக்ஷி மற்றவர்களுக்கு ஒரு படி மேல். பிரமோஷன் இன்டர்வியூவுக்குக் கிளம்பிய பஞ்சாபகேசனைப் பால்காரன் "எங்கே சார், காலங்கார்த்தாலே?" என்று கேட்டுவிட்டான். தெருமுனைவரை ஓடிப்போய் அவரைத் திருப்பி அழைத்து வந்து தண்ணீர் கொடுத்து அனுப்பியவள் அவள். அன்றைக்கு ரயில் தவறி, இன்டர்வியூவுக்கு நேரமாகி, பிரமோஷனும் தவறியது. "தண்ணி குடிக்காம போயிருந்தா வேலையே போயிருக்கும்" என்று அதற்கும் அவள் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

ஆகக்கூடி அபயாம்பாள் ஒருத்திதான் பார்த்தாள் என்று நினைத்தீர்களானால் தப்பு. இரண்டாம் மாடியில் அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்த மாமி பார்த்தாள், கேட்கவில்லை. பத்துப்பாத்திரம் தேய்க்க வருகிற தாராவி முருகம்மாள் மாடிப்படி கூட்டிக்கொண்டிருந்தாள். "பொட்டி இடிச்சிரக் கூடாதேன்னு நாந்தான் தள்ளி நின்னேன். கும்பிடக்கூடச் செஞ்சேம்மா" என்றாள் அவள். கட்டிடத்தின் செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன், ரிட்டயரான மனிதர், வாசல் கேட்டில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கேட்டைத் திறந்தே விட்டிருக்கிறார். இத்தனை உபசாரத்தோடு மாப்பிள்ளை அழைப்புக்கூட நடப்பதில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "கிதர் ஜாத்தா ஹை, இத்னா பீ நஹீ பூச்சா?" என்றார். எங்கே போகிறாய் என்றுகூடவா கேட்கவில்லை என்று அவருக்கு ஆச்சரியம். பஞ்சாபகேசன் தமக்குத் தெரிந்த ஆபீஸ் ஹிந்தியில் சகுன சாஸ்திரத்தை விளக்கப் பார்த்தார். நிறைகுடத்துக்கு ஹிந்தியில் வார்த்தை கிடைக்காமல் இடுப்பில் குடம் வைத்த மாதிரி அபிநயம் பிடித்துக் காட்டினார். கான்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஏற்கனவே இரண்டு வீட்டில் இதே வேஷ்டி, இதே விபூதி, இதே கதை, அங்கேயும் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். "நீங்கள் வாயைத் திறக்கிறவரை அவனுக்கு என்ன பயம்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினால், பாய்ச்சினவர் பக்கம் நியாயம் இருந்தாலும் வலிக்காமல் இருக்குமா?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேங்கடசுப்ரமணியன் மொட்டை மாடியில் மீட்டிங் போட்டார். இனிமேல் பெட்டி, பை, மூட்டை எதுவானாலும் எடுத்துக்கொண்டு வெளியே போகிற எவரையும், தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும், எங்கே என்று கேட்டே தீர வேண்டும் என்று ரெசல்யூஷன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினவள் அபயாம்பாள். பாவம், அவளுக்கும் மனசு கேட்கவில்லை. செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. அபயாம்பாள் கதவைத் திறந்து போட்டு மணையில் உட்கார்ந்துவிட்டாள். காய்கறிப் பை எடுத்தால் "எங்கே?" கோவிலுக்கு அர்ச்சனைத் தட்டு எடுத்தால் "எங்கே?" டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போன பெண் இந்தக் கேள்வியில் அழுதுவிட்டது. எல்லோரும் திரும்ப உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்கள். தண்ணீர் ஏறாத மாடியில் தண்ணீர்ச் செலவு இரட்டிப்பு ஆயிற்று. விசாலாக்ஷி உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டாள். திருடனுக்கு நிறைகுடம், நமக்கு 'எங்கே'யா?

இன்னொரு தாலி செய்து தரச் சொல்லிக் கேட்டதற்கு, பொன் உருக்கின பத்தர் கையை விரித்துவிட்டார். "மாமி, பதினாலு காரட்டில வேணா இன்னைக்கே உருக்கிடறேன். அதுக்கு மேலே போனா என்னைத் தூக்கி உள்ளே வெச்சுடுவான். ஏற்கனவே பாதி நாள் அடுப்பு பத்தவைக்கறதில்லை" என்றார்.

"செஞ்சுடலாமேடி. அதுவும் தங்கம்தானே?" என்றார் பஞ்சாபகேசன் ராத்திரி சாப்பிடும்போது.

"தங்கமா அது? பாதிக்குப் பாதி செம்பு!" சாதக்கரண்டி பாத்திரத்தில் டங்கென்று விழுந்தது. "அவா பக்கத்துத் தாலி அந்தக் காலத்துச் சுத்தத் தங்கம். நம்ம பக்கத்துத் தாலி சர்க்கார் தங்கம். ரெண்டும் ஒரே சரட்டுல தொங்கணுமா? நாளைக்கு ஒண்ணு மின்னும், ஒண்ணு கறுக்கும். பாக்கறவா எல்லாம் இது யார் போட்டது, அது யார் போட்டதுன்னு என் பொண்ணு கழுத்தைப் பாத்தே சொல்லிடுவா. நான் உயிரோட இருக்கறவரைக்கும் நடக்காது."

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்றாள் சுப்புலக்ஷ்மி மெதுவாக.

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை அவளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். இருபத்திரண்டு காரட்டை இந்தச் சமயத்தில் எவன் வாங்குவான், அவனும் கையில் வைத்துக்கொண்டு திண்டாடத்தான் வேண்டும் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அந்த நியாயத்தின் பலத்தில்தான் ராத்திரி கண்ணை மூட முடிந்தது.

வியாழக்கிழமை பகல், சமையல் முடித்து அடுப்பை அணைக்கிற நேரம். முருகம்மாள் தலைதெறிக்க ஓடி வந்தாள். மூன்று மாடி ஏறினதில் மூச்சு இரைத்தது.

"எம்மா! அந்தப் பொட்டிக்காரன்! ரயிலு டேசன் பக்கத்து ஓட்டல்ல உக்காந்து காப்பி குடிக்கான்!"

"யாருடி?"

"அவந்தாம்மா! அதே குடுமி, அதே துண்ணூறு. நம்ம நீலப் பொட்டி காலுக்கடில இருக்கு. எங்கண்ணால பாத்தேன். பக்கத்து மேசைக்காரரு சாமின்னு கும்பிடுதாரு அவன!"

"நீ பிடிச்சு நிறுத்தப்படாதோ?"

"நல்லாச் சொன்னீங்க. நான் அவன் கையப் புடிச்சா, பட்டணத்துப் போலீசு என் கையத்தான் புடிக்கும். வாங்கம்மா, வெரசா வாங்க!"

விசாலாக்ஷி கையெடுத்துக் கும்பிட்டாள். மாரியம்மா, கண்ணைத் திறந்துட்டியே! "சுப்பு, ஓடு, செக்ரட்டரி மாமாகிட்டச் சொல்லிப் போலீஸுக்குப் போன் பண்ணச் சொல்லு!" என்று கத்தினாள். தாலியைத் திரும்ப வாங்கினால் வெறும் கையிலா கொண்டு வருவது? ஒரு துணிப்பையில் மஞ்சளையும் குங்குமத்தையும் போட்டுக்கொண்டாள். தலையைக்கூடக் கோதிக்கொள்ளவில்லை. வலது காலை எடுத்து வாசற்படிக்கு வெளியே வைத்தாள்.

"எங்கே விசாலம், பையோட?"

அபயாம்பாள். மணையில் உட்கார்ந்தபடி, கடமை தவறாமல்.

விசாலாக்ஷியின் கால் அப்படியே நின்றுவிட்டது. "பாவி! சண்டாளி!" என்று ஆரம்பித்தாள். "என் குடியைக் கெடுக்கறதுக்குன்னே எதிர்த்தாத்துல வந்து உக்காந்திருக்கியா? அவனுக்குக் குடத்தோட வந்து நின்னே. எனக்கு இப்போ வாயோட வந்து நிக்கறே!" வயதில் மூத்தவளை ஒருமையில் பேசினது அவளுக்கே தெரியவில்லை.

"ஐயையோ, ரெசல்யூஷன்டி..." என்று அபயாம்பாள் எழுந்து நின்றாள்.

"ஏம்மா, வாங்கம்மா!" என்று முருகம்மாள் இரண்டு படி இறங்கி நின்று கூப்பிட்டாள்.

போயிருக்கலாம். தாண்டிய கால் தாண்டியபடி ஓடியிருக்கலாம். விசாலாக்ஷியால் முடியவில்லை. மற்றக் காரியமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, தாலிக் காரியம் ஆயிற்றே. 'எங்கே' என்று கேட்ட பிறகும் அப்படியே போய்த் தாலி கிடைக்காமல் போனால்? கிடைத்தும் அது ராசியில்லாத தாலியாகிவிட்டால்? பெண் கழுத்தில் ஏறப்போவது அல்லவா? அவள் உள்ளே திரும்பினாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா! தண்ணியா இப்ப?" முருகம்மாள் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க உக்காந்து எந்திரிக்கதுக்குள்ள அவன் ரயிலேறிக் கல்யாணுக்கே போயிருவான்!"

"ஒரு வாய்தாண்டி. இதோ ஆச்சு."

குடத்தில் தண்ணீர் அடியில் கிடந்தது. சாய்த்து எடுத்தாள். அவசரத்தில் புரையேறியது. இருமினாள். தலையைத் தட்டிக்கொண்டு, மறுபடியும் வலது காலை வைத்துப் புறப்பட்டாள். இந்தத் தடவை அபயாம்பாள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள்.

பண்டார்கர் ரோடு வெயிலில் கொதித்தது. விசாலாக்ஷி ஓடினாள். கல்யாணப் பெண்ணின் அம்மா நடுத்தெருவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பூக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் தெரியவில்லை. சிவப்புப் பட்டுப் பை ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது.

ஓட்டலில் மூலை மேசை காலியாக இருந்தது. முருகம்மாள் வாசலில் நின்று அந்த மேசையைத்தான் கையைக் காட்டினாள். மேசைமேல் ஒரு டம்ளர், டவரா. எச்சில் டம்ளர் என்றும் பாராமல் விசாலாக்ஷி அதைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

கல்லாவில் இருந்தவர் சந்திரமௌலி, அவர்கள் வீட்டுக்குப் பலகாரம் போடுகிற தெரிந்த மனிதர்.

"இங்கே உக்காந்திருந்தவன் எங்கே?"

"அந்த சாஸ்திரிகளா? இப்பத்தான் மாமி புறப்பட்டார். நீங்க உள்ளே வரேள், அவர் வெளியே போறார். ஒரு நிமிஷம்கூட இருக்காது."

"எந்தப் பக்கம் போனான்?"

"கூட்டமா இருந்தது, கவனிக்கலையே."

"எங்கே போறேள்னு ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

சந்திரமௌலி அவளை ஒரு மாதிரி பார்த்தார். இந்த மாமிக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை அது. "பெட்டியும் கையுமா புறப்படறவரை எங்கேன்னு எப்படி மாமி கேக்கறது? நீங்க கேப்பேளா?"

திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். அபயாம்பாளைத் திட்டினது எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் தொண்டையில் புரையேறின தண்ணீரின் கரகரப்பு இன்னும் போகவில்லை. எந்த வாயால் திட்டுவது? மூடிக்கொண்டாள்.

முருகம்மாள் ஸ்டேஷனுக்குள் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு லோக்கல் ரயில் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அதில் போனானோ, டிராம் ஏறினானோ, வடாலா பக்கம் நடந்தானோ, யார் கண்டது? போலீஸ்காரன் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது டம்ளரைக்கூட எடுத்துக் கழுவிவிட்டார்கள்.

"விடுங்கம்மா" என்றாள் முருகம்மாள் திரும்பும் வழியில். விசாலாக்ஷியின் கையில் துணிப்பைக்குள் மஞ்சள் கிழங்கு கடகடவென்று உருண்டுகொண்டே வந்தது.

சாயங்காலம் பஞ்சாபகேசன் வந்தார். கேட்டார். கோபிக்கவில்லை, பால்காரன் கதையைக்கூட இழுக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு ஆணியில் மாட்டின சட்டையை மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொண்டார். செருப்பைத் தேடினார். எதிரே மணையில் இருந்த அபயாம்பாள் அவரைப் பார்த்ததும் அவசரமாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் வாய் தவறிவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

அவர் ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்தார்.

"எங்கே போறேள்?" என்று கேட்டாள் விசாலாக்ஷி.

அபயாம்பாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பஞ்சாபகேசனுக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததில்லை.

"பத்தராத்துக்கு" என்றார் தயங்கித் தயங்கி. "பதினாலு காரட்லயே சொல்லிட்டு வந்துடலாம்னு... நாள் இல்லை பாரு."

"சரி" என்றாள்.

அவர் பழக்க தோஷத்தில் காலை உள்ளே எடுத்தார். முக்காலியைப் பார்த்து நடந்தார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"உக்கார வேண்டாம். தண்ணியும் வேண்டாம். அவர் பட்டறையைச் சாத்திடப் போறார். போங்கோ."

அவர் போனார். அவர் செருப்புச் சத்தம் மூன்று மாடியும் இறங்கித் தெருவுக்குப் போகிறவரை விசாலாக்ஷி வாசலிலேயே நின்றாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, அந்த முக்காலியில் உட்கார்ந்து அழுதாள்.